கொடுக்கத் தெரிந்த எனக்கு ஏன் வாங்கத் தெரியவில்லை?

கிணற்றடி · செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் களியக்காவிளைக்குப் பக்கம். சி.எஸ்.ஐ. சபை. நோயாளிகளைப் பார்க்கப் போகிற பெண்கள் கூட்டத்தில் 22 வருடமாக நானும் உண்டு. ஞாயிறு சாயங்காலம் நாலு பேராகப் போவோம். சங்கீதம் வாசிப்போம், ஜெபிப்போம், கொண்டுபோனதைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு வருவோம். சோறு வைக்கும்போது பிடியரிசி எடுத்து வைக்காத நாள் என் வீட்டில் கிடையாது. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது எனக்குத்தான் முதலில் தெரியும் என்று சபையில் சொல்வார்கள். அதில் எனக்குச் சந்தோஷம் உண்டு.

போன ஓணத்துக்குப் பிறகு மார்பில் கட்டி என்று தெரிந்தது. திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை. கக்கத்து நெறிகளையும், அதாவது நிணநீர்க் கணுக்களையும், எடுத்துவிட்டார்கள். இப்போது கீமோ நடக்கிறது. அவர் வளைகுடாவில். மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், ஒவ்வொரு தடவையும் லீவு போட முடியாது. நானே பஸ் ஏறிப் போய்விட்டு வருகிறேன்.

சபைப் பெண்கள் வந்தார்கள். என் கூடவே இத்தனை வருடம் நடந்தவர்கள். தூக்குப் போணியில் கஞ்சியும் பயறும் கொண்டு வந்திருந்தார்கள். "ஒண்ணும் வேண்டாம், எல்லாம் இருக்கு" என்று சொல்லி அப்படியே திருப்பி அனுப்பினேன். உண்மையில் அன்றைக்கு வீட்டில் ஒன்றும் வைத்திருக்கவில்லை. அடுத்த வாரம் அவர்கள் வந்தபோது கதவைக் கொண்டி போட்டுவிட்டு உள்ளே சத்தமில்லாமல் படுத்திருந்தேன்.

பக்கத்துக் காட்டில் ரப்பர் பால் வெட்டப் போகிற ஒரு பெண் இருக்கிறாள். ஒரு நாள் அவள் ஒன்றும் கேட்காமல் வந்தாள், எங்கள் கிணற்றில் நாலு குடம் தண்ணீர் கோரி வைத்தாள், போய்விட்டாள். அவளுக்கு நான் பழைய சேலை கொடுத்திருக்கிறேன், பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டியிருக்கிறேன். அவள் கோரிய தண்ணீரில் குளிக்கும்போது அழுதேன். நன்றியில் வந்த அழுகை இல்லை அது. அவமானமாக இருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

"வாங்குகிறதைப்பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்" என்று ஞாயிறு பள்ளியில் படித்ததுதான் நினைவில் ஓடுகிறது. அப்படியானால் வாங்குகிறவளுக்குப் பாக்கியம் குறைச்சல்தானே? எனக்குள் இருப்பது பெருமையா, வேறு ஏதாவதா? சொல்லுங்கள்.

பாறசாலை செவிலி · செவ்வாய், இரவு 10.15

அக்கா, மனசைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் கை. நெறி எடுத்த பக்கத்துக் கையால் கயிறு இழுத்துத் தண்ணீர் கோரவே கூடாது. அந்தக் கை ஒரு தடவை வீங்கிவிட்டால் முழுவதும் வற்றுவது கஷ்டம். அந்தக் கையில் ஊசி போடவோ பிரஷர் பார்க்கவோ விடாதீர்கள், கத்தி பட்டால்கூட உடனே கழுவுங்கள். இன்னொன்று, கீமோ நடக்கும் நாளில் காய்ச்சல் 38 டிகிரி, பழைய கணக்கில் 100.4, வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்காகவாவது யாராவது ஒருவருக்கு உங்கள் கதவு திறந்திருக்க வேண்டும்.

பஸ்ஸில் தனியாகப் போய்வருகிறீர்கள் என்று வாசித்தபோது நெஞ்சு பதறிவிட்டது. மற்றதை நாளைக்கு எழுதுகிறேன், டியூட்டிக்கு நேரமாகிறது.

ஜெபக்குடில் · புதன், காலை 6.05

சகோதரி, உங்களுக்காக இன்று காலை ஜெபித்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. நீங்கள் மனிதர் உதவியை வாங்காதது தவறு என்று நான் நினைக்கவில்லை. தேவை எதுவானாலும் கர்த்தரிடம் மட்டும் சொல்வது என்று 15 வருடமாக நான் வைத்திருக்கிறேன். கேரீத் ஆற்றண்டையில் எலியாவுக்குக் காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டு வந்தன. மனிதனை நம்பினால் மனிதன் நம்மைச் சின்னவனாகப் பார்ப்பான். ஆண்டவர் அப்படிப் பார்க்க மாட்டார்.

பழைய வாத்தியார் · புதன், காலை 11.30

தம்பி, உங்கள் விசுவாசத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த அதிகாரத்தில் காகத்தோடு நிறுத்திவிட்டீர்கள். ஆறு வற்றியதும் ஆண்டவர் எலியாவை எங்கே அனுப்பினார்? சாறிபாத்தில் இருந்த ஒரு விதவையிடம். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய், அதைச் சுட்டுத் தின்றுவிட்டுச் செத்துப்போகலாம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவள் அவள். அவளிடம் போய் "முதலில் எனக்கு ஒரு சிறிய அடை" என்று கேட்கச் செய்தார். காகத்திடம் வாங்குவதில் வெட்கம் இல்லை. ஒரு ஏழை விதவையிடம் கேட்பதில்தான் தீர்க்கதரிசிக்குக் கஷ்டம். அதைக் கேட்டதால்தான் அவள் வீடும் பிழைத்தது.

அம்மா, நீங்கள் சொன்ன வசனத்துக்கு வருகிறேன். அது அப்போஸ்தலர் 20இல் இருக்கிறது. மிலேத்துவில் பவுல் எபேசு சபையின் மூப்பரைக் கூப்பிட்டு விடைபெறும்போது சொல்வது. பலவீனரைத் தாங்க வேண்டும், என் கைகளே வேலை செய்தன என்று சொல்லி, அதோடு இயேசுவின் அந்த வார்த்தையை நினைப்பூட்டுகிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சபையை நடத்துகிறவர்கள், கை கால் திடமாக இருந்தவர்கள். கட்டிலில் கிடக்கிற ஒருவரைப் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை. அதே பவுல் சிறையில் இருந்தபோது பிலிப்பியர் அனுப்பியதை வாங்கிக்கொண்டார். என் உபத்திரவத்தில் என்னோடு உடன்பட்டீர்களே, அது நல்லது என்று எழுதினார்.

கலாத்தியர் 6இலும் எல்லாரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. 2ஆம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. 5ஆம் வசனம் அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். கிரேக்கத்தில் வேறு வேறு. முதலாவது பரோஸ், ஆளை அமுக்குகிற கனம். இரண்டாவது ஃபொர்தியோன், ஒருவன் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய சுமை. உங்கள் வியாதி முதல் வகை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதைத் தனியாகத் தூக்க உங்களுக்குக் கட்டளையும் இல்லை.

எல்லைவண்டி · புதன், இரவு 8.50

வாத்தியார் அளவுக்கு எனக்கு வேதம் தெரியாது. வண்டி ஓட்டுகிறவன். ஆனால் அக்கா எழுதியதை வாசித்துவிட்டு நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள்.

எங்கள் சபையில் வசதியான ஒரு குடும்பம் இருந்தது. எந்தச் சபை, யார் என்பது வேண்டாம். எங்கள் வீட்டுக்கு நிறையச் செய்திருக்கிறார்கள், அதை மறக்க மாட்டேன். அந்த வீட்டுப் பெரியவர் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தபோது என் அம்மா மரச்சீனிக் கிழங்கு பிடுங்கி, கழுவி, ஒரு கூடை கொண்டுபோனார்கள். வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வாரம் அம்மா அதையே மீன் கறியோடு அவித்துக் கொண்டுபோனார்கள். "இப்பத்தான் சாப்பிட்டோம்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அம்மா மறுபடியும் ஒரு தடவை கொண்டுபோய்ப் பார்த்தார்கள். அப்போதும் அதே பதில். பச்சையாகக் கொடுத்தால் வாங்குவார்கள், வெந்ததை வாங்க மாட்டார்கள். ஏன் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்துவிட்டு வந்தவர்கள்தான் எல்லாரும்.

அம்மா அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை. அவர்கள் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த துணியை வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்தார்கள், உடுத்தவே இல்லை.

அக்காவை அவர்களோடு சேர்க்கவில்லை. ஆனால் நாலு குடம் தண்ணீர் கோரி வைத்த அந்தப் பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். அவளுக்கும் உங்களிடம் கொடுக்க ஒன்று இருந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் அதற்கு இடம் கிடைத்தது இப்போதுதான்.

கிணற்றடி · புதன், இரவு 9.30

தம்பி, வாசித்தேன். ரெண்டு தடவை வாசித்தேன். பதில் எழுத இப்போது முடியவில்லை.

நேர்பேச்சு · வியாழன், காலை 7.20

எல்லாரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். உதவிக் கமிட்டியில் நான் இருந்திருக்கிறேன். கை நீட்டிப் பழகிவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். மூன்று சபையில் வாங்குவார்கள், ஒன்றிலும் வேலை செய்ய மாட்டார்கள். வேலை செய்யாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல்தான் எழுதினார். வாங்குவதை இவ்வளவு பெரிதாக்கினால் கொடுக்கிறவனுக்குத்தான் சலிக்கும்.

பழைய வாத்தியார் · வியாழன், காலை 8.00

உங்கள் சலிப்பு புரிகிறது. ஆனால் தெசலோனிக்கேயரில் இருக்கும் சொல் "வேலைசெய்ய மனதில்லாதிருந்தால்" என்பது. மனதில்லாதவன் வேறு, முடியாதவன் வேறு. இந்த இழையைத் தொடங்கியவர் கேட்டு வாங்கியவர் இல்லையே. கதவைச் சாத்திக்கொண்டவர்.

அன்பியம் தோழி · வியாழன், மதியம் 2.10

எல்லாருக்கும் வணக்கம். நான் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவள், குழித்துறைப் பக்கம். தவக்காலத்தில் வெள்ளிதோறும் சிலுவைப்பாதை செய்கிறோம். 5ஆம் நிலையில் சிரேனே ஊர் சீமோன் சிலுவையைச் சுமக்கிறார். 6ஆம் நிலையில் வெரோணிக்கா முகத்தைத் துடைக்கிறாள். வெரோணிக்கா பைபிளில் இல்லை, மரபில் வருகிறவள், அது தெரியும். வருடக்கணக்காக அந்த இரண்டு நிலையிலும் நான் சீமோனாகவும் வெரோணிக்காவாகவும் இருக்க வேண்டும் என்றுதான் ஜெபித்திருக்கிறேன். போன வருடம் அப்பா படுத்தபோதுதான் இயேசு அங்கே என்ன செய்தார் என்று பார்த்தேன். தோளைக் கொடுத்தார், முகத்தைக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

யாக்கோபின் கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டவரும் அவர்தான். யூதர் கை நனைக்காத வீட்டுத் தண்ணீர். எல்லைவண்டித் தம்பி எழுதியதை வாசித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. மத்தேயு 25இலும் பாருங்கள், "பசியாய் இருந்தேன், நோயுற்றிருந்தேன்" என்று அரசர் தன்னை எந்தப் பக்கம் வைக்கிறார்? அக்கா, நீங்கள் 22 வருடம் யாரைப் பார்க்கப் போனீர்களோ அவர் பக்கத்தில் இப்போது இருக்கிறீர்கள்.

கொடுக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவைப் பார்க்க வந்த ஒரு குழு பழக்கூடையைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தது. அப்பா ஷேவ் செய்யவில்லை, வேட்டி சரியாக இல்லை. அந்தப் படம் வாட்ஸாப் குரூப்பில் வந்தது. அதற்கு மேல் யார் வந்தாலும் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று இயேசு சொன்னது கொடுக்கிறவனின் ஆத்துமாவுக்காக மட்டும் இல்லை என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. வாங்குகிறவருக்கும் மானம் இருக்கிறது.

ஜெபக்குடில் · வியாழன், இரவு 7.45

தோழி எழுதிய தண்ணீர் விஷயம் என்னைத் தொட்டது. வாத்தியார் ஐயா, சாறிபாத்தைப் பற்றியும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் தீர்மானத்தை இன்னும் மாற்றவில்லை. ஆனால் சகோதரிக்கு நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிக்க வேண்டும்.

பாறசாலை செவிலி · வியாழன், இரவு 11.00

டியூட்டி முடிந்து இப்போதுதான் வந்தேன். தீராத நோயில் கிடப்பவர்களின் வேதனையைத் தணிக்கிற பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் குழுவோடும் நான் வீடு வீடாகப் போயிருக்கிறேன். 2008இல் இந்தியாவிலேயே முதலாகக் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கை கொண்டு வந்தது. அதற்குப் பிறகு நர்ஸ் வீட்டுக்கே வந்து புண் கட்டுவது, டியூப் மாற்றுவது எல்லாம் இங்கே சாதாரணமாகிவிட்டது. ஆனால் முதல் நாள் கதவு திறக்கத் தயங்காத வீடு குறைவு.

ஒரு தாத்தாவுக்கு முதுகில் படுக்கைப் புண். மூன்று வாரம் மருமகளைக்கூடத் தொட விடவில்லை. எங்களிடமும் "நாத்தம் அடிக்கும், போங்கோ" என்றார். எங்கள் குழுவின் மூத்த நர்ஸ் புண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய மாட்டுச் சந்தை, கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956, அந்தக் கதையெல்லாம் கேட்டார். தாத்தா ஒரு மணி நேரம் பேசினார். நாங்கள் கிளம்பும்போது அவரே திரும்பிப் படுத்து, சட்டையைத் தூக்கினார். தாத்தா கதையைக் கொடுத்தார், நாங்கள் வாங்கினோம். அதற்குப் பிறகுதான் எங்களிடம் வாங்க அவருக்கு மனம் வந்தது.

லண்டனில் 1967இல் சாகும் தறுவாயில் இருக்கும் நோயாளிகளைப் பராமரிக்க செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் விடுதியைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் நர்ஸாக இருந்து டாக்டரானவர், ஆழ்ந்த விசுவாசி. கெத்செமனேயில் இயேசு கேட்ட "என்னோடேகூட விழித்திருங்கள்" என்பதைத்தான் தன் வேலைக்கு அஸ்திவாரம் என்று சொல்வார். என்னைக் காப்பாற்றுங்கள் என்று இயேசு சீஷரிடம் கேட்கவில்லை. கூட இருங்கள் என்றார். அதையும் மூன்று தடவை வந்து பார்த்தார், அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கேட்டும் கிடைக்காத வலியும் அவருக்குத் தெரியும் அக்கா.

பழைய வாத்தியார் · வெள்ளி, காலை 10.40

நம் நெய்யூரைப் பற்றி ஒன்று. 1838இல் லண்டன் மிஷன் தொடங்கிய ஆஸ்பத்திரி, இந்தப் பக்கத்துக் கிழவர்கள் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்கள். டாக்டர் சாமர்வெல் பெயரை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். எவரெஸ்ட் ஏறப் போன மனுஷன். 1922 ஜூன் 7ஆம் தேதி பனிச்சரிவில் அவர்களோடு போன ஏழு சுமைகாரர்கள் செத்துப்போனார்கள். வெள்ளைக்காரர் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நம்மில் ஒருவனாவது அவர்களோடு போயிருக்கக் கூடாதா என்று தன் மனம் வெந்ததை அவரே பின்னால் எழுதியிருக்கிறார். அந்த வருடமே ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூரில் காத்துக்கிடந்த கூட்டத்தைக் கண்டார். லண்டன் வேலையை விட்டுவிட்டு இங்கேயே தங்கினார்.

அந்தச் சாவுதான் அவரை இங்கே இழுத்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தன் சுமையை இன்னொருவன் உயிரைக் கொடுத்துச் சுமந்தான் என்று உணர்ந்தவன் ஒரு நோயாளியின் கட்டில் பக்கத்தில் நிற்கிற விதமே வேறு என்று நினைக்கிறேன்.

நல்ல சமாரியன் கதையில் "மனதுருகி" என்று வருகிறதே, கிரேக்கத்தில் அது குடல் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. எபிரெயத்தில் இரக்கத்துக்கான சொல் கர்ப்பத்தைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்தது. நம் அம்மாக்கள் "பெத்த வயிறு பதறுது" என்பார்களே, அதுதான். அம்மா, அந்த ரப்பர்காரப் பெண்ணுக்கு உங்களைப் பார்த்து வயிறு பதறியிருக்கிறது. பழைய சேலைக்குக் கணக்குத் தீர்க்க வரவில்லை அவள்.

கிணற்றடி · சனி, மாலை 5.15

எல்லாருக்கும் ஒரே பதிலாக எழுதுகிறேன்.

எனக்குள் இருந்தது பெருமையா என்று கேட்டேன். ஆமாம், பெருமைதான். ஆனால் அதற்குக் கீழே பயமும் இருந்தது. இத்தனை வருடம் கட்டிலில் கிடப்பவர்களை நான் எப்படிப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியும். அதே கண்ணால் என்னைப் பார்ப்பார்கள் என்று பயந்தேன். பாவம் என்று சொல்லி, வெளியே வந்ததும் வேறு பேச்சுப் பேசிக்கொண்டு நடப்போம். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களிடம் நான் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததாக ஞாபகம் இல்லை. எல்லைவண்டித் தம்பியின் அம்மா கதையை வாசித்ததும், நான் எத்தனை வாசலில் "இப்பத்தான் குடிச்சோம்" என்று சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடியவில்லை.

இன்று காலை அவள் பால் வெட்டிவிட்டுத் திரும்பும்போது நானே கூப்பிட்டேன். கூப்பிடுவதற்கு முன் வாசலில் நின்று நின்று மூன்று தடவை உள்ளே போய்விட்டேன். கடைசியில், "மக்களே, கையில பாரம் எடுக்கப்பிடாதுன்னு சொல்லிட்டாங்க, தினமும் கொஞ்சம் தண்ணி கோரித் தருவியா?" என்று கேட்டேன். அவள், "நான் வரலாமா வேண்டாமான்னு நாலு நாளா பார்த்துட்டு நிக்கேன்" என்றாள். அப்புறம் என் தலையைப் பார்த்தாள். முடி போனதிலிருந்து முக்காடு இல்லாமல் யார் முன்னாலும் நின்றதில்லை, அவசரத்தில் மறந்துவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கட்டன் சாயா போட்டாள், ரெண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து குடித்தோம். அவளுக்கு மூத்த பெண்ணைப் பற்றி ஒரு கவலை இருக்கிறது, எனக்கு இத்தனை நாள் தெரியாது.

சபைப் பெண்களுக்கு இன்னும் போன் செய்யவில்லை. அது இதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

பாறசாலை செவிலி · சனி, மாலை 6.00

மெல்லச் செய்யுங்கள் அக்கா. அவர்கள் வந்தால் சளி இருமல் உள்ளவர்கள் வர வேண்டாம், சாப்பாடு அன்றன்றைக்குச் சமைத்ததாக இருக்கட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூச்சப்படாதீர்கள். அடுத்த கீமோ எப்போது?

கிணற்றடி · சனி, மாலை 6.20

வருகிற வியாழன். போகும்போது பரவாயில்லை. திரும்பி வரும்போதுதான் நெய்யாற்றின்கரை தாண்டினதும் குமட்டும்.

எல்லைவண்டி · சனி, இரவு 9.05

அக்கா, வியாழன் காலை எனக்குத் திருவனந்தபுரத்துக்கு ஒரு ஓட்டம் இருக்கிறது. ஆளை இறக்கிவிட்டால் அப்புறம் வண்டி சும்மாதான் நிற்கும். நீங்கள் முடித்து வரும்வரை காத்திருக்கிறேன். ஆறேகாலுக்குக் களியக்காவிளை ஸ்டாண்டுக்கு எதிரில் நிற்பேன். அம்மாவிடம் சொன்னேன், வழியில் சாப்பிட ஏதாவது கட்டித் தரவா என்று கேட்கிறார்கள்.

கிணற்றடி · சனி, இரவு 9.40

சரி தம்பி, வருகிறேன். வாயெல்லாம் புண்ணாக இருக்கிறது. கஞ்சி போதும், உப்பு கொஞ்சமாக. எரிவு மட்டும் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.